முழு மயக்கத்தில் கண்ணைக் காப்பது: தியேட்டருக்குப் புதிதாக வருபவர்களுக்கு

தியேட்டர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் முதல் வாரமே மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) என்று எல்லாம் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். கண்ணைப் பற்றி வருவது ஒரே வரிதான்: “கண்ணுக்கு டேப் போட்டுரு.” எப்போது, எப்படி, ஏன் என்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. குடல்வால் ஆபரேஷன் நன்றாக முடிந்தவர் வார்டில் கண் விழித்து, வயிற்றுத் தையலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், “கண்ணுல மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு சிஸ்டர்” என்று சொல்லும்போதுதான் அந்த ஒரு வரி போதவில்லை என்று தெரியும்.

ராமநாதபுரம் கடற்கரை ஆஸ்பத்திரிகளில் புதிதாகச் சேரும் தியேட்டர் டெக்னீஷியன், மயக்கவியல் டெக்னீஷியன், ஸ்டாஃப் நர்ஸ் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். என்ன மருந்து, எவ்வளவு என்பது மயக்க டாக்டரின் முடிவு, அதில் நான் நுழையவில்லை. நம் கையால் ஆகிற காரியங்கள் மட்டும்தான் இங்கே.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணில் படும் கீறல்களுக்கு ஆபரேஷன் நடக்கும் நேரத்தைவிட அதன் இரண்டு ஓரங்களில்தான் அதிக வாய்ப்பு. ஒன்று, ஆள் மயங்கியதிலிருந்து டேப் ஒட்டும் வரை. மற்றது, டேப்பை எடுத்ததிலிருந்து ஆள் முழுதாகத் தெளியும் வரை. இரண்டு நேரத்திலும் டாக்டரின் கவனம் மூச்சுக்குழாயில் இருக்கும், இருக்கவும் வேண்டும். அப்போது கண்ணுக்குப் பொறுப்பு நாம்தான்.

மயக்கத்தில் கண்ணுக்கு என்ன ஆகிறது

விழித்திருக்கும்போது நிமிடத்துக்குப் பதினைந்து தடவை போல இமைக்கிறோம். தூக்கத்தில் இமை மூடிக்கொள்ளும், விழி மேல்நோக்கி ஏறி, கருவிழி மேலிமைக்குள் போய்விடும். முழு மயக்கத்தில் இதெல்லாம் நின்றுபோகும். தூசி பட்டாலும் இமைக்காது. இமையை மூடும் தசை தளர்ந்துவிடுவதால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கண் கீற்றாகத் திறந்தே இருக்கும். விழியும் மேலே ஏறாமல் அந்தக் கீற்றுக்கு நேரே கருவிழி வந்து நிற்கும். போதாததற்குக் கண்ணீர் சுரப்பதும் குறைந்துவிடும்.

கருவிழிக்கு ரத்தக்குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பங்கு காற்றிலிருந்து கண்ணீர்ப் படலத்தின் வழியாகத்தான் போகிறது. நடுவில் அதன் மொத்தத் தடிமன் அரை மில்லிமீட்டர் சொச்சம். மேலே இருக்கும் தோல் அதிலும் பத்தில் ஒரு பங்குதான். கண்ணீர் காய்ந்தால் அந்தத் தோல் உலர்ந்து உரியத் தயாராக இருக்கும். அப்புறம் மாஸ்க்கின் விளிம்போ, துணியின் நுனியோ, நம் கை விரலோ லேசாகப் பட்டால்கூடப் போதும். கருவிழியில் நரம்பு நுனிகள் நெருக்கமாக இருப்பதால், சிறிய கீறலுக்கே ஆள் துடித்துப் போவார்.

1977ல் வெளியான ஓர் ஆய்வில், மூடாமல் விட்ட கண்களில் 44 சதவீதத்தில் கருவிழிக் கீறல் காணப்பட்டது. ஒழுங்காக மூடிப் பாதுகாத்தால் ஆயிரத்தில் ஒன்றிரண்டுக்கும் கீழே போய்விடுகிறது. ஒரு துண்டு டேப்புக்கு இவ்வளவு பலன் இருக்கிறது.

ஆபரேஷனுக்கு முன்பு: கேட்க வேண்டிய கேள்விகள்

நம் பக்கம் வரும் கண்கள் பல, ஏற்கெனவே அடிபட்ட கண்கள். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் வருடக்கணக்கில் கடலுக்குப் போனவர்களைப் பாருங்கள். வெயிலும் உப்புக் காற்றும் பட்டுப் பட்டு மூக்கோரத்திலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்ந்திருக்கும். அந்த மேட்டில் கண்ணீர் சமமாகப் பரவாது. வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு, உப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். கரிமூட்டம் போடுகிறவர்களுக்குப் புகையும் சீமைக்கருவேல முள்ளும். இப்படிப்பட்டவர்கள் “எனக்குக் கண்ணுல ஒண்ணும் இல்லையே” என்றுதான் சொல்வார்கள், அவர்களுக்கு அது பழகிவிட்டது. அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: “காலையில எந்திரிக்கும்போது கண்ணு உறுத்துமா? காத்துல நின்னா தண்ணியா வடியுமா?” ஆமாம் என்றால் தாளில் எழுதிவைத்து மயக்க டாக்டரிடம் சொல்லுங்கள். கண்ணின் சிவப்பு, சதை, பழைய தழும்பு எதைப் பார்த்தாலும் முன்கூட்டியே குறித்துவையுங்கள். பிறகு “ஆபரேஷனுக்கு அப்புறம்தான் வந்தது” என்ற பேச்சு வந்தால் இரு தரப்புக்கும் அந்தக் குறிப்பு உதவும்.

காண்டாக்ட் லென்ஸ் போட்டிருக்கிறார்களா என்று இளவயதுக்காரர்களிடம் தவறாமல் கேளுங்கள். கண்ணாடி போடாதவர் லென்ஸ் போட்டிருக்கலாம், வெளியே தெரியாது. மை, மஸ்காரா, ஒட்டு இமைமுடி எல்லாவற்றையும் முந்தின இரவே எடுத்துவிடச் சொல்ல வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்திலிருந்து வரும் பெரியவர்கள் சிலர் சுருமா போட்டிருப்பார்கள். அந்தத் தூள் இமையோரத்தில் தங்கி, மூடிய கண்ணுக்குள் உராயும். “வாப்பா, ஆபரேஷன் அன்னிக்கு மட்டும் சுருமா வேண்டாம்” என்று மரியாதையாகச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

தைராய்டு நோயால் கண் பிதுங்கி இருப்பவர், முகவாதம் வந்து ஒரு பக்க இமை மூடாதவர், சர்க்கரை நோயாளி, வயதானவர் ஆகியோருக்குக் கூடுதல் கவனம் வேண்டும். கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து விடுகிறவர் ஆபரேஷன் அன்று அதை நிறுத்தக் கூடாது. “வெறும் வயிறுன்னு சொன்னாங்க, அதான் சொட்டு மருந்தும் விடலை” என்று வருபவர்கள் உண்டு. வெறும் வயிறு என்பது வாய்க்குத்தான், கண்ணுக்கு இல்லை என்று முந்தின நாளே விளக்கிவிடுங்கள்.

இனி வருவதை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். விழித்திரை பிரிந்து அதற்கு ஆபரேஷன் செய்தவர்கள் சிலருக்குக் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்து அனுப்பியிருப்பார்கள். அவர்கள் சொல்லும் விதம் இப்படி இருக்கும்: “மதுரையில கண்ணுக்குள்ள காத்து வச்சு விட்டாங்க, குப்புறப் படுக்கச் சொன்னாங்க.” இந்தச் சொல் காதில் விழுந்த உடனே மயக்க டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். மயக்கத்துக்குக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு அந்தக் குமிழிக்குள் புகுந்து அதை ஊதிவிடும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி விழித்திரைக்குப் போகும் ரத்தம் நின்று, நிரந்தரமாகப் பார்வை போயிருக்கிறது. குமிழி வகையைப் பொறுத்து இரண்டு வாரமும் இருக்கும், இரண்டு மாதமும் இருக்கும். பெரும்பாலும் கையில் ஒரு பட்டை கட்டி அனுப்பியிருப்பார்கள், அது அறுந்தும் போயிருக்கலாம். வயிற்று வலி என்று நடுராத்திரியில் வருகிறவரிடம் கண் ஆபரேஷனைப் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றாது. நீங்கள் கேளுங்கள்.

தூண்டில் முள்ளோ கருவேல முள்ளோ குத்திக் கண்ணே கிழிந்து வருபவரின் கதை வேறு. அந்தக் கண்ணில் பஞ்சு வைத்து அழுத்தக் கூடாது, டேப்பும் கூடாது, சொட்டு மருந்தும் களிம்பும் நாமாக விடக் கூடாது. குழிந்த பிளாஸ்டிக் மூடியைக் கண்ணில் படாதபடி எலும்பின் மேல் உட்காரும் விதத்தில் வைத்து, மற்றதை டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

மேசையில் ஏறியதும்

முதலில் நம்மைப் பார்த்துக்கொள்வோம். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, ஸ்டெதாஸ்கோப், சட்டைப் பையில் பேனா, கைக்கடிகாரம், வளையல். குனியும்போது இவையெல்லாம் போய் உரசும் இடம் நோயாளியின் முகம்தான். வேலை தொடங்கும் முன்பே கழற்றி வைத்துவிடுங்கள்.

அடுத்தது மாஸ்க். அளவு பெரிதாக இருந்தால் மேல் விளிம்பு கண் முனையில் ஏறி உட்காரும். காற்று கசிகிறதே என்று அழுத்திப் பிடிக்கும்போது அந்த அழுத்தம் முழுவதும் விழியில் இறங்கும். சரியான அளவை எடுத்துக் கொடுப்பது நம் வேலை. பல் இல்லாத வயதானவர்களுக்குக் கன்னம் ஒட்டிப்போய் மாஸ்க் உட்காராது, அங்கே இன்னும் கவனம் தேவை.

நோயாளியின் முகத்தையும் ஒரு பார்வை பாருங்கள். நம் ஊரில் ஆபரேஷனுக்கு வரும்போதும் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு வருவார்கள், அது நெற்றியில் வழிந்து இமைவரை வந்திருக்கும். அதன்மேல் எந்த டேப்பும் நிற்காது. ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். ஒரு துளி உள்ளே இறங்கினாலும் கருவிழி வெந்துபோகும்.

டேப் ஒட்டுவது

எப்போது ஒட்டுவது? மூச்சுக்கான டியூப் போட்டு, அதைக் கட்டி முடித்த பிறகு கண்ணுக்கு வருவது பல இடங்களில் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. டியூப் போட வழி காட்டும் லாரிங்கோஸ்கோப் வாய்க்குள் போகும் நேரம்தான் முகத்துக்கு மேலே கைகளும் கம்பியும் டியூபும் போய்வரும் நேரம். ஆள் மயங்கிவிட்டார் என்று டாக்டர் சொன்னதும், டியூப் போடும் முன்பே ஒட்டிவிடுங்கள். இரண்டு கண்ணுக்கும் சேர்த்துச் சில நொடிதான் ஆகும். டேப்பை முன்பே வெட்டி மேசை ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தால் தேடும் வேலையும் இல்லை. அவசர கேஸில் மூச்சுக்குழாய்தான் முதலில், சந்தேகமே இல்லை. அப்போது இரண்டாவது ஆள் ஒட்டலாம், ஆள் இல்லையென்றால் டியூப் உள்ளே போன மறு நிமிடம் ஒட்டுங்கள்.

மயங்கிவிட்டாரா என்று பார்க்க இமைமுடியைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். ஒரு தடவை, லேசாக, முடி நுனியில். கருவிழியை விரலால் தொட்டுப் பார்ப்பது கூடவே கூடாது.

ஒட்டும் முறை இது. கையைக் கழுவி, நல்ல நிலையில் உள்ள கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு விரலால் மேலிமையை மெதுவாகக் கீழே இறக்கி, இரண்டு இமையும் ஒன்றையொன்று தொடுகிறதா என்று பாருங்கள். இமைமுடி உள்ளே மடங்கிவிடாமல் வெளியே இருக்க வேண்டும். காகித டேப்பின் ஒரு முனையை மேலிமையில் ஒட்டி, கீழே கொண்டுவந்து கன்னத்தில் ஒட்டுங்கள். மேல் முனையை ஒரு சென்டிமீட்டர் உள்ளே மடித்து விட்டால் எடுக்கும்போது பிடிக்க வசதியாக இருக்கும். பிளாஸ்டர் வேண்டாம், தோலையும் முடியையும் பிடுங்கும். ஒட்டி முடித்ததும் பக்கவாட்டில் குனிந்து, டேப்புக்கு அடியில் வெள்ளைக் கீற்று தெரிகிறதா என்று பாருங்கள். புதிதாக வருபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். டேப் இருக்கிறது, உள்ளே கண் திறந்திருக்கிறது என்றால் அது டேப்பே போடாததைவிட மோசம், ஏனென்றால் டேப்பின் பசைப் பக்கம் நேரே கருவிழியில் ஒட்டும். வெறும் பஞ்சையோ கட்டுத்துணியையோ மேலே வைத்து மூடினாலும் இதே கதைதான். உள்ளே இமை திறந்தால் நமக்குத் தெரியாது, துணி கருவிழியில் உராய்ந்துகொண்டே இருக்கும். ஒளி ஊடுருவும் ஒட்டுத்தாள் இருந்தால் நல்லது, கண் மூடியிருப்பது வெளியிலிருந்தே தெரியும்.

களிம்பு வேண்டுமா வேண்டாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து. ஒரு மணி நேரத்தில் முடியும் குடல்வால், ஹெர்னியா போன்றவற்றுக்கு டேப் மட்டும் போதும் என்பது என் கருத்து. களிம்பு வைத்தால் விழிக்கும்போது பார்வை மங்கலாக இருக்கும், ஆள் பயந்துபோய்க் கண்ணைக் கசக்குவார், அதிலேயே கீறல் விழும். நீண்ட ஆபரேஷன், கவிழ்த்துப் படுக்கவைப்பது, இமை முழுதாக மூடாதவர் என்றால் டாக்டரைக் கேட்டு வையுங்கள், கிடைத்தால் பதனப்பொருள் சேர்க்காததாக. கீழிமையைச் சற்று இழுத்து, டியூப் நுனி கண்ணில் படாமல் ஒரு சிறிய இழை விட்டு, இமையை மூடி, வெளியே வழிந்ததைத் துடைத்துவிட்டு அப்புறம் டேப். துடைக்காவிட்டால் டேப் நிற்காது. முகத்தில் காட்டரி (மின்சூட்டால் ரத்தக் கசிவை அடைக்கும் கருவி) வைக்கும் ஆபரேஷன் என்றால் பெட்ரோலிய வகைக் களிம்பு கூடாது, ஆக்சிஜன் பக்கத்தில் தீப்பிடிக்கும். தண்ணீரில் கரையும் ஜெல் கேளுங்கள்.

முகம், கழுத்து ஆபரேஷனில் தோலைச் சுத்தம் செய்யும் திரவத்திலும் கண் வைக்க வேண்டும். குளோர்ஹெக்சிடின் கருவிழிக்கு விஷம். அதனால் நிரந்தரத் தழும்பு விழுந்தவர்கள் உண்டு. சோப்பு கலந்த பொவிடோன் அயோடினும் கூடாது. கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் சோப்பு கலக்காத, 5 சதவீத பொவிடோன் அயோடின்தான். எது உள்ளே போனாலும் அந்த நொடியே டாக்டரிடம் சொல்லி, சலைனால் தாராளமாகக் கழுவ வேண்டும். ஆபரேஷன் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஆபரேஷன் நடக்கும்போது

துணி மூடியபின் கண் நமக்குத் தெரியாது. அதனால் படுக்கை நிலை மாறும் ஒவ்வொரு தடவையும், துணியை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு முறை தூக்கிப் பாருங்கள். மூச்சுக் குழாய் இணைப்பு முகத்தில் படுத்திருக்கிறதா, சர்ஜனின் முழங்கை சாய்ந்திருக்கிறதா, சூடான காற்று ஊதும் கருவி முகத்தைப் பார்த்து வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கவாட்டில் படுக்கவைத்தால் கீழ்ப்பக்கத்துக் கண், தலையணைக்குள் புதைந்திருக்கும். விரலை விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

முதுகெலும்பு ஆபரேஷனில் ஆளைக் கவிழ்த்துப் போடும்போது இரண்டு தனித்தனி ஆபத்துகள் உண்டு. பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். முதலாவது, தலைதாங்கி விழியின்மேல் அழுத்துவது. அழுத்தம் நீடித்தால் விழித்திரைக்குப் போகும் தமனியில் ரத்தம் நின்றுவிடும். இதை நாம் தடுக்கலாம். எடை நெற்றி எலும்பிலும் கன்ன எலும்பிலும் இருக்க வேண்டும், கண்ணைச் சுற்றி வெற்றிடம் இருக்க வேண்டும். இருபது முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை கையை விட்டுப் பார்த்து, நேரத்தைச் சார்ட்டில் குறியுங்கள்.

இரண்டாவது, எந்த அழுத்தமும் இல்லாமலே கண் நரம்புக்கு ரத்த ஓட்டம் குறைந்து பார்வை போவது. அமெரிக்க மயக்கவியல் நிபுணர் சங்கம் 1999ல் இதற்கென்றே ஒரு பதிவேடு தொடங்கியது. 2006ல் அதிலிருந்து முதுகெலும்பு ஆபரேஷன் நோயாளிகள் 93 பேரை ஆராய்ந்தபோது, பத்துப் பேருக்கு மட்டும்தான் விழித்திரைத் தமனி அடைப்பு. மற்ற 83 பேருக்கும் கண் நரம்பு பாதிப்பு. அவர்களில் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் ஆறு மணி நேரத்துக்கு மேல் நீண்டிருந்தது, அல்லது ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போயிருந்தது. ரத்த அழுத்தமும் திரவமும் டாக்டர் கையில். தலை இதய மட்டத்துக்குக் கீழே இறங்காமல், கழுத்து திரும்பாமல் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது நம் கையில். சிறு துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் தலைப்பக்கம் வெகு நேரம் தாழ்ந்திருந்தாலும் கண் அழுத்தம் ஏறும், வெண்விழி வீங்கி இமையைத் தள்ளி டேப்பையே பிரித்துவிடும். மேசையை நிமிர்த்தும்போது மறக்காமல் பாருங்கள்.

விழிக்கும்போது

டேப்பை மேலிருந்து கீழாக எடுங்கள். கீழிருந்து மேலே இழுத்தால் இமையும் சேர்ந்து திறக்கும். ஒரு விரலால் இமையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எடுங்கள். வயதானவர்களுக்கு இமைத்தோல் மெலிந்திருக்கும், சலைனில் நனைத்து எடுத்தால் ரத்தம் கட்டாது.

அப்புறம் கை. தெளிந்தும் தெளியாத நிலையில் மனிதன் முதலில் செய்கிற காரியம் கண்ணையும் மூக்கையும் தேய்ப்பதுதான். கடல்பாசி எடுக்கிற ஓர் ஆத்தா, கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து ரெகவரியில் கிடந்தார். பாறையில் பாசி பறித்துப் பறித்துக் காய்ப்பேறிய விரல்கள். வலது ஆள்காட்டி விரலில் சாச்சுரேஷன் கிளிப், உள்ளே சிவப்பு வெளிச்சத்தோடு. கண் பாதி திறந்ததும் அந்தக் கை எழுந்து, கிளிப்போடு நேரே வலது கண்ணை நோக்கிப் போனது. பக்கத்தில் நின்ற சிஸ்டர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “ஆத்தா, கசக்காதீங்க. நான் துடைச்சு விடுறேன்” என்று சொல்லி, நனைத்த துணியால் உள்மூலையிலிருந்து வெளியே ஒரு முறை துடைத்தார். அந்த அம்மா திரும்பவும் தூங்கிப் போனார். சிஸ்டர் கிளிப்பைக் கழற்றி இடது கை மோதிர விரலில் மாட்டினார்.

அந்த இடமாற்றத்தைத் தியேட்டரிலேயே செய்துவிடலாம். எந்தக் கைப்பழக்கமோ அதற்கு எதிர்க்கை, ஆள்காட்டி விரல் தவிர வேறு விரல். குழந்தை என்றால் கால் விரல்.

ரெகவரியில் ஆக்சிஜன் மாஸ்க்கின் மூக்குக் கம்பியை அழுத்தி விடுங்கள், இல்லாவிட்டால் வறண்ட ஆக்சிஜன் நேரே கண்ணில் வீசும். கட்டிலின் தலைப்பக்கம் மின்விசிறிக்கு நேராக வேண்டாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கடற்கரையோர ஆஸ்பத்திரிகளில் ஜன்னல் வழியாக மணலே வரும், அந்தப் பக்கக் கதவைச் சாத்திவையுங்கள்.

“கண் உறுத்துது” என்று சொன்னால்

“மயக்கத்துல அப்படித்தான் இருக்கும், தன்னால சரியாயிரும்” என்று சொல்லி அனுப்பாதீர்கள். பெரும்பாலும் சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆகாதவை எவை என்று தெரியாமல் அந்த வார்த்தையைச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

முதலில் பார்வையைச் சோதியுங்கள். ஒரு கண்ணைப் பொத்தி, விரல்களை எண்ணச் சொல்லுங்கள், சுவரில் உள்ள எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண். வலியே இல்லாமல் பார்வை குறைந்திருந்தால், பாதி மறைத்த மாதிரி தெரிகிறது என்றால், அது அவசரம். விழித்திரைக்கோ நரம்புக்கோ ரத்தம் போகவில்லை என்று பொருளாக இருக்கலாம், அதற்குச் சில மணி நேரம்தான் கெடு. ராமேசுவரத்திலிருந்து மதுரை 170 கிலோமீட்டர் போல. “காலையில பார்த்துக்கலாம்” என்றால் அந்தக் கெடு தீர்ந்துவிடும். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் கண் டாக்டரிடம் பேசட்டும்.

கடுமையான வலி, அதோடு தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வளையம், மங்கிய கருவிழி, அசையாத பாப்பா என்று இருந்தால் கண் அழுத்தம் திடீரென ஏறியிருக்கிறது. ஆபரேஷன் அன்றும் வரும், ஓரிரு நாள் கழித்தும் வரும். வாந்தியை மயக்க மருந்தின் வேலை என்று நினைத்து விட்டுவிடுவதுதான் இதில் உள்ள ஆபத்து. இதுவும் அவசரம்.

இரண்டும் இல்லை, பார்வை ஏறக்குறையச் சரியாக இருக்கிறது, ஒரு கண்ணில் உறுத்தல், நீர் வடிதல், சிவப்பு, வெளிச்சம் பட்டால் கூச்சம், இமைக்கும்போது வலி கூடுகிறது என்றால் பெரும்பாலும் கருவிழிக் கீறல்தான். டாக்டர் ஆரஞ்சு நிறச் சாயத்தாளை நனைத்துக் கீழிமைக்குள் தொட்டு, நீல விளக்கில் பார்ப்பார். தோல் உரிந்த இடம் பச்சையாக மின்னும். சிகிச்சை எளிது. கிருமி வராமல் இருக்கக் களிம்பு அல்லது சொட்டு மருந்து, ஈரத்துக்குச் செயற்கைக் கண்ணீர், வலிக்கு மாத்திரை. ஒன்றிலிருந்து மூன்று நாளில் தோல் வளர்ந்துவிடும். கண்ணைக் கட்டி வைக்கத் தேவையில்லை. கட்டினால் சீக்கிரம் ஆறுவதும் இல்லை, உள்ளே சீழ் வைத்தாலும் தெரியாது.

மரத்துப் போகும் சொட்டு மருந்தைச் சோதனைக்கு ஒரு தடவை விடும்போது வலி மாயமாகப் போய்விடும். “இதையே எழுதிக் குடுங்க” என்று கெஞ்சுவார்கள். கொடுக்கக் கூடாது. திரும்பத் திரும்ப விட்டால் புண் ஆறாது, கருவிழியே கரையும்.

அதைவிட நம் மாவட்டத்தில் பெரிய பயம் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. தென் மாவட்டங்களில் கருவிழிப் புண்ணுக்குப் பூஞ்சை ஒரு முக்கியக் காரணம். 1997ல் மதுரையிலிருந்து வெளியான ஓர் ஆய்வில், கிருமி வளர்ந்த புண்களில் ஏறக்குறைய பாதி பூஞ்சையால் வந்தவை. ஸ்டீராய்டு விட்டால் சிவப்பு குறையும், வலி குறையும், உள்ளே பூஞ்சை பரவும். மருந்துக் கடையில் “கண் சிவப்புக்கு ஒண்ணு குடுங்க” என்று கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகளில் பல, கிருமிக்கொல்லியோடு ஸ்டீராய்டும் கலந்தவை. அட்டையில் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று இருக்கிறதா என்று பார்க்க வீட்டு ஆட்களுக்குக் காட்டிக் கொடுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். திட்டாமல் சொல்லுங்கள். அக்கறையில்தான் செய்கிறார்கள்.

நடந்ததை மறைக்காமல் நோயாளியிடமும் வீட்டாரிடமும் டாக்டர் சொல்லட்டும். எத்தனை மணிக்குச் சொன்னார், பார்வை எப்படி இருந்தது, யாருக்குத் தகவல் போனது, என்ன மருந்து விட்டது எல்லாம் கேஸ் ஷீட்டில் ஏறட்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது

கீறல் விழுந்தவர் மறுநாள் கண்ணை ஒரு முறை காட்ட வேண்டும். இருபத்து நான்கு மணி நேரத்தில் வலி குறையாமல் கூடினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ, சீழ் வந்தாலோ, பார்வை மங்கினாலோ காத்திருக்காமல் வரவேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுங்கள், வாயாலும் சொல்லுங்கள். இரவில் என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு வரச் சொல்லலாம். வண்டி இல்லையென்றால் 108.

ஆறும்வரை காண்டாக்ட் லென்ஸ், மை, சுருமா கிடையாது. வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி. வண்டி ஓட்ட வேண்டாம். கடலுக்கு எப்போது போகலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். வயிற்றுத் தையல் எப்படியும் அவர்களைச் சில வாரம் கரையில் வைத்திருக்கும், கண் அதற்குள் ஆறிவிடும். முழு மயக்கத்தில் கை எலும்பு வைத்துக்கட்டியவர் போன்ற சிலர்தான் இரண்டாம் நாளே படகுப் பக்கம் போய் நிற்பார்கள். அவர்களிடம், கண் டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை உப்புத் தண்ணீரும் வலை உதறும் தூசியும் கண்ணில் படக் கூடாது என்று சொல்லுங்கள். பாசி எடுக்க முங்குகிற பெண்களுக்கும் இதேதான். முகக்கண்ணாடி போட்டுக்கொள்கிறோமே என்பார்கள், உள்ளே தண்ணீர் ஏறாத கண்ணாடியை நான் இன்னும் பார்க்கவில்லை.

இன்னொன்று, பலரும் சொல்லாமல் விடுவது. ஆறிய கீறல் சிலருக்கு வாரங்கள், மாதங்கள் கழித்துத் திரும்பப் பிரியும். விடிகாலையில் கண்ணைத் திறக்கும்போது சுரீரென்று வலிக்கும், தண்ணீராகக் கொட்டும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். புதுத்தோல் அடியோடு இன்னும் சரியாக ஒட்டவில்லை என்று அர்த்தம். அப்படி வந்தால் கண் டாக்டரிடம் போய், “போன மாசம் ஆபரேஷன்ல கண்ணுல கீறல் விழுந்துச்சு” என்று சொல்லச் சொல்லுங்கள். சில மாதம் இரவில் களிம்பு வைக்கச் சொல்வார். டிஸ்சார்ஜ் தாளில் எந்தக் கண், எந்தத் தேதி என்று நாம் எழுதியிருந்தால் அவருக்கு வேலை சுலபம்.